கீழே, வலது மூலை

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. அந்த போனைக் கொஞ்சம் சட்டைப் பைக்குள்ள போட்டிருங்க. இல்லன்னா அங்கிட்டுத் திரும்பி உக்காந்து பாருங்க. பாளையங்கோட்டை தாண்டினதுல இருந்து பாக்கேன், ஒரு பெரிய காயிதத்த அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள போட்டு, விரல வச்சி மேல இழுக்கிய, கீழ இழுக்கிய, வலத்த தள்ளுதிய, திரும்ப மேல போறிய. எனக்கு ஓங்கரிச்சிட்டு வருது. உங்க மேல ஒண்ணுமில்ல. அந்த இழுவை மேல.

பஸ் குலுக்குறதுனாலயா? சே. பஸ்ஸெல்லாம் என்னை ஒண்ணும் செய்யாது. மீன் கம்பெனிக்காரன் நான். இறால் தலையும் கணவாய் மையும் மிதிச்சி நடந்தவன். ஊசிப்போன சாளைக்குப் பக்கத்துல உக்காந்து சோத்துப் பொட்டலம் பிரிச்சிருக்கேன். எனக்குக் கொமட்டுறது உலகத்துல இது ஒண்ணுதான். பெரிய பக்கத்தச் சின்ன ஓட்டைக்குள்ள போட்டு இழுக்கிறது.

பேரு மாசானமுத்து. தூத்துக்குடி போற வழியில, மறவன்மடம் தாண்டி, ஒரு இறால் கம்பெனி இருக்கு. பெரிய குளிர் கிட்டங்கி. அங்க நான் ஷிப்டு சூப்பர்வைசர். இன்னைக்கு அங்கதான் போறேன். சோலிக்கு இல்ல, என்கொயரிக்கு. என் மேல இல்ல, ஆண்டவன் புண்ணியத்துல. அமலோற்பவம்னு ஒரு பொம்பள மேல. நான் சாட்சி.

என்ன சொல்ல வந்திய? இருங்க, நான் மொதல்ல இருந்து சொல்லிருதேன். இல்லன்னா உங்களுக்கு வெளங்காது.

முன்னெல்லாம் ஆபீஸ் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படம் கிடையாது, கலர் கிடையாது, பக்கம் முழுக்க எழுத்து. ஆனா ஒத்தப் பார்வையில எல்லாம் தெரியும். எந்த லாட்டு, எத்தனை பெட்டி, யாருக்குப் போகுது, போகலாமா கூடாதா, எல்லாம் ஒரே பக்கத்துல. கிளார்க்கு உக்காந்திருப்பான், நாங்க சீட்டக் கொண்டு குடுத்தா தட்டி விடுவான். சண்டை சத்தம் கிடையாது.

பெறவு பெங்களூர்ல இருந்து மூணு பையனுவ வந்தானுவ. காதுல கடுக்கன், கழுத்துல அட்டை. இனிமே ஆபீசுக்கு வர வேண்டாம், கிட்டங்கிக்குள்ள நின்னபடியே எல்லாம் முடிச்சிரலாம்னானுவ. ஆளுக்கு ஒரு மிஷின் குடுத்தானுவ. துப்பாக்கி மாதிரி பிடிக்கணும். முன்னால பார்கோடு படிக்கும், மேல ஒரு கண்ணாடி. கண்ணாடி எவ்வளவு பெரிசுங்கிய? தீப்பெட்டிய விட ஒரு விரக்கடை கூட. ஆபீஸ்ல இருந்த அந்தப் பெரிய பச்சைத் திரைய ஒரு எழுத்து மாத்தாம அப்பிடியே அதுக்குள்ள அனுப்பிட்டானுவ. சின்னக் கண்ணாடிக்குத் தக்கன மாத்தி எழுதச் சோம்பேறித்தனம். அதுல தெரியறது ஒரு மூலைதான். மிச்சத்தப் பாக்கணும்னா பக்கத்துல அம்புக்குறி பட்டன் இருக்கு, அத அமுக்கி அமுக்கி நகட்டிக்கிட்டே போகணும். சாவித் துவாரம் வழியா கல்யாண வீட்டப் பாக்க மாதிரி.

அதுவும் எங்க நின்னு? மைனஸ் பதினெட்டுக் குளிருக்குள்ள. கம்பளிக் கோட்டு, கைக்கு ரெண்டு ரெண்டு உறை. பட்டன ஒருக்க அமுக்கினா ரெண்டு தடவ நகரும். கண்ணாடியில ஆவி படியும், முழங்கைய வச்சித் துடைப்போம். ஒரு அமுக்கு கூடப் போயிட்டா ஒண்ணுமில்லாத கறுப்புல போயி நின்னுக்கிடும், எங்க இருக்கோம்னே தெரியாது. மொத வாரத்துலயே ரெண்டு புள்ளைய தலை சுத்தி வாந்தி எடுத்திச்சி. அந்தப் பெங்களூருப் படிச்ச மூதிய. அவனுவள அந்தக் குளிருக்குள்ள ஒரு மத்தியானம் நிறுத்தி வச்சிருக்கணும்.

அப்பதான் நான் ஒரு வழி பண்ணுனேன். இது வரைக்கும் எவனும் அதுக்கு ஒரு ரூவா கூட்டித் தரல, அது வேற. நான் என்ன பண்ணுனேன், அந்தப் பெரிய திரைய ஒரு வீடுன்னு வச்சிக்கிடுங்கன்னேன். மேல இடது பக்கம் வாசல், லாட்டு நம்பர் இருக்கும். மேல வலது பக்கம் பட்டாசல், அதான் ஹாலு, சரக்கு யாருக்குப் போகுதோ அந்தப் பார்ட்டி பேரு இருக்கும். கீழ இடது பக்கம் அடுப்படி, பெட்டியும் எடையும். ஏளா, வாசல்ல நில்லு, பட்டாசலுக்குப் போ, திரும்பி வந்து அடுப்படிக்கு இறங்கு, ஓகே அமுக்கு, சோலி முடிஞ்சிது. ஒரே நாள்ல எல்லாப் புள்ளையளும் படிச்சிட்டாவ. சிரிச்சிக்கிட்டே படிச்சாவ. மேனேஜர் கிளாட்சன் சாரே வந்து நின்னு பாத்துட்டு, மாசானமுத்து மூளைக்காரன்தான் வே-ன்னு சொல்லிட்டுப் போனாரு.

கீழ வலது மூலையா? கேக்கியளா, நல்லாத்தான் கேக்கிய. புள்ளையளும் அதத்தான் கேட்டாவ. அது கக்கூசு, அங்க ஒருத்தரும் போக வேண்டாம்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாவ.

அங்க ரெண்டே ரெண்டு சமாச்சாரம் அண்ணாச்சி. ஒண்ணு, ஹோல்டுன்னு போடுவாவ. இந்தச் சரக்கு கெட்டிருக்கலாம், வெளிய அனுப்பக் கூடாதுன்னு அர்த்தம். அது எப்பவோ ஒருக்க வாறது. அதுக்குன்னு பெட்டி அடுக்கு மேலயே சிவப்பு அட்டை ஒட்டுவாவ, கண்ணிருக்கவனுக்குத் தெரியும். இன்னொண்ணு, மிஷின விட்டு நம்ம பேர எடுக்கிறது. காலைல நம்ம பேர அடிச்சி உள்ள போகணும், சாயங்காலம் அந்த மூலைக்குப் போயி பேர எடுத்துட்டு வெளிய வரணும். எவ போவா? மிஷின அணைக்கிறதே கிடையாது. அப்பிடியே சார்ஜ்ல மாட்டிட்டு வீட்டுக்குப் போயிருவோம். இதுக்குப் போயி ஒவ்வொரு அடுக்குக்கும் அந்தக் கோடி வரைக்கும் நகட்டிக்கிட்டுப் போனா லாரிக்காரன் ஆரன் அடிச்சே காதக் கிழிச்சிருவான்.

அமலோற்பவம் போவா. ஒவ்வொரு அடுக்குக்கும் போவா. எல்லாரும் மூணு அடுக்கு முடிச்சா இவ ஒண்ணுல நிப்பா. கையுறைய வேற கழட்டிருவா, விரலு வெளுத்துப் போயி இருக்கும், அதோட அமுக்கி அமுக்கி அந்த மூலைக்குப் போயி உத்துப் பாத்துட்டுத்தான் ஓகே அமுக்குவா. ஒரு நாள் நான் வாய விட்டே சொன்னேன், எதுக்குளா ஓயாம கக்கூசுக்கு ஓடுத, வயித்துக்குச் சரியில்லியான்னு. எல்லாரும் சிரிச்சாவ. அவ சிரிக்கல.

"சிவப்பு அட்டை குளிருக்கு ஒட்ட மாட்டுக்கு அண்ணாச்சி, விழுந்திருது. நான் ரெண்டு பெறக்கியிருக்கேன். அந்த மூலையப் பாக்காம எப்பிடி அனுப்புறது?"

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. எனக்குத் தெரியாததா? கிளாட்சன் சார் வாசல்ல ஒரு போர்டு வச்சிருந்தாரு, யாரு எத்தன அடுக்கு ஏத்துனான்னு. என் ஷிப்டுதான் அதுல கடைசி. யாரால? இவளால. அதுலயும் அவ பேசுற விதம் இருக்கே, சத்தம் போடவே மாட்டா, மொகத்த நேராப் பாத்து பைய சொல்லுவா. சத்தம் போட்டா நாமளும் ரெண்டு சத்தம் போடலாம். இது என்ன பழக்கம்னேன்.

ஒரு நாள் லாரி மூணு வரிசையா நிக்கி. இவ ஒத்த அடுக்க வச்சிக்கிட்டு கண்ணாடியத் துடைச்சிக்கிட்டு நிக்கா. எனக்கு வந்துதே கோவம். கையில இருந்து மிஷின வெடுக்குன்னு வாங்கிட்டேன். நீ போயி தலை கிள்ளுற ஷெட்டுல உக்காருன்னேன். இறாலுக்குத் தலை கிள்ளுற இடம், எல்லாம் காண்ட்ராக்ட்டு பொம்பளைய. இவ பெர்மனெண்ட். பத்து வருசத்துக்கு மேல காண்ட்ராக்ட்டுல கிடந்து போன வருசம்தான் பெர்மனெண்ட் ஆனா, கோயிலுக்கு மெழுகுதிரி எல்லாம் ஏத்தி, எங்க எல்லாருக்கும் மஸ்கோத்து அல்வா வாங்கிக் குடுத்தா. அதனால மொகம் சுண்டிப் போச்சி. ஆனா எதுத்துப் பேசல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "மிஷினக் குடுங்க அண்ணாச்சி, என் பேர எடுத்துட்டுத் தாரேன்." எனக்கு நேரமில்ல, போளான்னுட்டேன்.

எழுத்துல ஒண்ணும் கிடையாது. வாயால சொன்னதுதான். எங்க கம்பெனியில எல்லாமே அப்பிடித்தான். ஷெட்டுப் பொம்பளையளுக்கும் மிஷின் புள்ளையளுக்கும் தெரியும், ஆனா அவளுவ வாயத் திறந்தா மறுநாள் வேலை கிடையாது. அப்பிடிப் பாத்தா, அவ ஷெட்டுக்குப் போனதையும் மிஷின் என் கையில இருந்ததையும் சொல்ல முடிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

பெறவு என் ஷிப்டு போர்டுல மேல ஏறிட்டு பாத்துக்கிடுங்க. நானே அந்த மிஷினத் தூக்கிக்கிட்டு நின்னேன். வாசல், பட்டாசல், அடுப்படி, ஓகே. வாசல், பட்டாசல், அடுப்படி, ஓகே. கண்ண மூடிக்கிட்டே அமுக்குவேன்.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி கரண்டு போயி ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிட்டு. ஒரு அறை இறால் முழுக்க உருகி, விடிஞ்ச பெறவு திரும்ப ஒறஞ்சிருக்கு. குவாலிட்டி மேடம் வந்து ஹோல்டு போட்டிருக்காவ. சிவப்பு அட்டையும் ஒட்டியிருக்காவ. நான் பாக்கும்போது அட்டை இல்ல. தரையில கிடந்திச்சோ, எவன் ட்ராலிச் சக்கரத்துல ஒட்டிட்டுப் போச்சோ, எனக்குத் தெரியாது. நான் என்ன தரையப் பாத்துக்கிட்டா நடப்பேன்? அன்னைக்கு ஏரல் பக்கத்துல இருந்து ஒரு சமையல் காண்ட்ராக்டர் வண்டி வந்து நிக்கி. மறுவீட்டு விருந்துக்கு இறால். ஸ்கேன் பண்ணுனேன். வாசல், பட்டாசல், அடுப்படி.

மிஷின் தடுக்காதாக்கும்? தடுக்காது அண்ணாச்சி, கேக்கும். ஹோல்டு சரக்கு, அனுப்பவா வேண்டாமான்னு ஒரு கேள்வி போடும். எங்க போடும்? அந்த மூலையில. நமக்கு ஒரு சத்தம்தான் கேக்கும், கீ-ன்னு. அந்தச் சவம் எதுக்குத்தான் கத்தாது? பேட்டரி கொறஞ்சாக் கத்தும், குளிர் கூடினாக் கத்தும், பார்கோடு நனைஞ்சாக் கத்தும். நான் ஓகே அமுக்கிட்டேன். என்ன கேட்டிச்சின்னு யாரு கண்டா.

மறுநாள் மத்தியானம் கிளாட்சன் சார் என்னைக் கூப்பிட்டு, ஏரல்ல மண்டபத்துக்குப் போயி மிச்சப் பெட்டியத் தூக்கிட்டு வாரும்னாரு. போனேன். போயிருக்கக் கூடாது. பந்தியிலயே வாந்தி எடுத்திருக்காவ. இலையில, பாயில, வாசப்படியில. பட்டுச்சேலையோட ஒரு பெரியம்மா செவுத்துல சாஞ்சி உக்காந்திருக்கா, மடியெல்லாம் வாந்தி, தொடைக்க ஆளில்ல. கல்யாணப் பொண்ணுக்கு ஆசுபத்திரியில ட்ரிப் ஏறுதுன்னாவ. ஒருத்தரும் சாகல, அதச் சொல்லணும். ஆனா அந்த வீச்சம் இருக்கே. நான் வேன் ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டுத்தான் ஊரு வந்து சேந்தேன்.

அதுல இருந்துதான் எனக்கு இந்தக் கொமட்டல். சோறு இறங்க மாட்டுக்கு. டாக்டர்ட்ட காட்டினேன், வயித்துல ஒண்ணுமில்லங்காரு. அவருக்கு என்ன தெரியும்? எல்லாம் அந்த மிஷின உத்துப் பாத்துப் பாத்து வந்தது.

பெறவு கம்ப்யூட்டர்ல யாரு அனுப்பினான்னு எடுத்துப் பாத்தாவ. அமலோற்பவம்னு இருந்திச்சி.

ஏன் அப்பிடிப் பாக்கிய? நானா அவ பேர எழுதினேன்? மிஷின்ல இருந்தது அவ பேரு. அவளே உள்ள போனது, அவளே அடிச்சது. வெளிய எடுக்காம போனது யாரு குத்தம்? சரி, நேரமில்லன்னு சொன்னேன், இல்லங்கல. அதுக்கு, கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம்லா அவ?

கிளாட்சன் சார் அவள சஸ்பெண்ட் பண்ணிட்டாரு. வேலைய விட்டே எடுக்கணும்னு ஏரல் பார்ட்டி பிடிவாதம். இங்க எடுத்துட்டா தூத்துக்குடியில வேற எந்த இறால் கம்பெனியும் சேக்காது. எல்லா மேனேஜரும் ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசிக்கிடுவாவ. அது எனக்கும் தெரியத்தான் செய்யுது.

போன வாரம் என் வீட்டுக்கு வந்துட்டா. ஞாயித்துக்கிழமை, கோயிலுக்குப் போயிட்டு நேரா. நான் உள்ள வான்னு சொல்லல. என் வீட்டுக்காரி செண்பகவடிவுதான் உக்காரச் சொல்லிக் காப்பி போட்டுக் குடுத்தா. அவ காப்பியத் தொடல. அழவும் இல்ல. "எனக்காக ஒண்ணும் பேச வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு என் கையில மிஷின் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அது நெசம்தான?" அவ்வளவுதான் கேட்டா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? என் வீட்டுல வந்து, என் பொண்டாட்டிக்கு முன்னால. அருவருப்பா இருந்திச்சி. வெவஸ்தை வேண்டாமா ஒரு மனுசிக்கு? நான் டிவியப் போட்டேன்.

அவ போன பெறவு செண்பகவடிவு வந்து டிவிய அணைச்சா. மறுநாள் துணிய எடுத்துக்கிட்டு பாளையங்கோட்டைக்கு, அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நேத்து கூப்பிடப் போனேன். இருவத்தி ரெண்டு வருசம் என் கூட இருந்தவ, என்ன சொல்லுதா தெரியுமா? நாளைக்கு அங்க போயி அதச் சொல்லிட்டு வாங்க, பெறவு வாரேங்கா. அவ மொகத்தையே பாத்தேன். என்னைப் பாத்து அவ ஓங்கரிக்க மாதிரி நிக்கா அண்ணாச்சி. என்னைப் பாத்து. யாரு பெத்த புள்ளைக்கோ பரிஞ்சிக்கிட்டு.

நான் பொய் சொல்லப் போறதில்ல. அத மனசுல வச்சிக்கிடுங்க. மாசானமுத்து பொய் சொன்னான்னு ஒருத்தன் சொல்லட்டும். கிளாட்சன் சாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லல, நல்ல மனுசன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும் வே, கேக்காதத நீரா எடுத்து விடாதேயும்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். ரெக்கார்டுல யாரு பேரு இருக்குன்னு கேப்பாவ. அமலோற்பவம் பேருன்னு சொல்லுவேன். அது நெசம். அவ மத்தவள விடச் சோலியில மட்டமான்னு கேப்பாவ. ஆமான்னு சொல்லுவேன். போர்டுல இருக்கு, அதுவும் நெசம். இதுல எங்க இருக்கு பொய்?

அவ பக்கம் யூனியன்ல இருந்து ஒருத்தர் வாராராம், அவருக்கும் எங்கிட்ட கேள்வி கேக்க உரிமை உண்டாம். கேக்கட்டும். எந்த ஊர்க்காரரோ. அந்த மிஷினக் கண்ணாலயும் பாத்திருக்க மாட்டாரு. கக்கூசுன்னா அவருக்கு என்ன தெரியும், பேர எடுக்கிறதுன்னா என்ன தெரியும், யாரு கையில எது இருந்துன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? என்ன கேக்கணும்னே அந்த ஆளுக்குத் தெரியாது. ரெண்டு சட்டம் பேசிட்டு டீயக் குடிச்சிட்டுப் போவாரு. இந்த மாதிரி ஆளுவள நெனச்சாலும் எனக்குக் கொமட்டத்தான் செய்யுது.

என்ன? ஏதோ சொல்ல வாரிய, மறுபடியும் நான் குறுக்க விழுந்துட்டேன். சவத்த விடுங்க, முடிச்சாச்சி. உங்ககிட்ட சொன்னதும் நெஞ்சுக்குள்ள கொஞ்சம் லேசா இருக்கு. நீங்க நல்லாக் கேக்கிய. இப்பம் யாரு இப்பிடி வாய மூடிக்கிட்டுக் கேக்கா?

இந்தா, ஸ்டாப்பு வந்துட்டு. கால நகட்டிக்கிடுங்க, நான் எறங்கணும். நீங்களும் எந்திரிக்கிய? இங்கயா? இங்கன எங்க கம்பெனியத் தவிர ஒண்ணும் கிடையாதே அண்ணாச்சி. சுத்தி உடைமரமும் பொட்டலும்தான்.

அங்கன பாருங்க, கேட்டுக்குப் பக்கத்துல, நீலச் சேலை. அவதான். கையத் தூக்கிக் காட்டுதா பாத்தியளா. இவ்வளவு நடந்த பெறவும் எனக்குக் கை காட்டுதா. பாவம், கெட்டவ இல்ல, அத நான் எப்பவும் சொல்லுவேன். இல்ல, இருங்க. என்னைப் பாக்கல. உங்களல்லா பாக்கா.

அந்த போன இப்பிடிக் காட்டுங்க. நீங்க இழுக்க வேண்டாம், நான் இழுத்துக்கிடுதேன். கீழ. வலத்த. இன்னும் கொஞ்சம். இது எங்க கம்பெனி சீல்லா. கிளாட்சன் சார் கையெழுத்துல்லா இது. பாளையங்கோட்டையில இருந்து என் மூக்குக்கு முன்னாலதான இருந்திருக்கு.

நீங்கதானா அந்த யூனியன் ஆளு.

உங்க பேரக்கூட நான் கேக்கலியே. நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம். ஆமா, சொல்ல வந்திய. ரெண்டு தடவ வந்திய.

கண்டக்டர் தம்பி, விசிலடிக்காதீரும், எறங்குதோம். அண்ணாச்சி, ஒரு நிமிசம் இப்பிடி மரத்தடியில நில்லுங்க, வயித்தப் பெரட்டுது எனக்கு. அவகிட்ட போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், அதத்தான் அப்பவே சொல்லிட்டேம்லா. மொதக் கேள்வி என்ன கேப்பிய?